பழைய ஏர்கூல்டு எஞ்சினில் தட்டல் ஓசை: க்ராங்கைப் பிரிக்கும் முன் எவற்றைச் சோதிக்கலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் வைத்திருப்பது காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் கொண்ட பழைய நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிள். கார்புரேட்டரும் கிக்கரும் உள்ள வண்டி. வால்வுகளைத் திறக்கும் கேம், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டிலேயே இருக்கிறது, டைமிங் செயின் அதைச் சுழற்றுகிறது. சில மாதங்களாக இதன் எஞ்சினிலிருந்து இரண்டு தனித்தனி ஓசைகள் வருகின்றன.

ஒன்று, ஹெட் பகுதியிலிருந்து வரும் மெல்லிய ‘டிக் டிக்’. டேப்பெட் இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் திருகுக்கும் நடுவே விடும் சிறு வெளி) ஃபீலர் கேஜ் வைத்துக் கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிசெய்த பிறகும் இது குறையவில்லை. மற்றொன்று, கீழ்ப்பகுதியிலிருந்து வரும் கனமான ‘டக் டக்’. குளிர்ந்த நிலையில் சோக் போட்டு ஓடும்போது இது கேட்பதில்லை. எஞ்சின் சூடாகி ஐடிலிங் இறங்கிய பிறகு தெளிவாகக் கேட்கிறது. நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைச் சற்றே திறந்து பிடித்தால் ஒழுங்கில்லாமல் தட்டுகிறது. கியரில் மேடு ஏறும்போது ஏறத்தாழ மறைந்துவிடுகிறது.

வண்டியைப் பார்த்த மெக்கானிக், பிஸ்டனைக் க்ராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் முனையில் உள்ள பிக் எண்ட் பேரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கிக் க்ராங்க் கேஸைப் பிளக்க வேண்டும் என்கிறார். ஆயில் புதியது, அளவும் சரியாக இருக்கிறது. புகை இல்லை, இழுவை குறைந்ததாகவும் தெரியவில்லை. ஓசையோடு தொடர்புடையதா என்று தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அண்மைக்காலமாகச் சில நேரங்களில் கிக்கர் காலைப் பின்னோக்கி உதைக்கிறது; ஐடிலிங்கும் ஒரே சீராக நிற்பதில்லை.

அவ்வளவு பெரிய வேலையில் இறங்குவதற்கு முன், வெளியிலிருந்தோ சிறிய மூடிகளை மட்டும் திறந்தோ நான் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் எவை என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

ஓசை எங்கிருந்து வருகிறது என்பதைவிட, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதே நம்பத்தகுந்த தடயம். எஞ்சின் முழுவதும் ஒன்றோடொன்று இறுக்கிய உலோகம் என்பதால் ஓசை பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை. க்ராங்க் கேஸில் எழும் தட்டல் சிலிண்டர் வழியே ஏறி ஹெட்டில் கேட்கும், ஹெட்டில் எழுவது பெட்ரோல் டேங்கில் எதிரொலிக்கும். அதனால் ‘கீழே கேட்கிறது, ஆகவே பிக் எண்ட்’ என்ற முடிவு எனக்கு அவசரமாகத் தோன்றுகிறது. சூடு, சுழற்சி வேகம், பாரம், க்ளட்ச் நிலை ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாக மாற்றி, ஓசை எதற்கு அசைந்துகொடுக்கிறது என்று எழுதி வையுங்கள். உங்கள் கேள்வியிலேயே இதில் பாதியைச் செய்துவிட்டீர்கள்.

காற்றால் குளிரும் எஞ்சினில் ஓரளவு ஓசை இயல்பானது. நீரால் குளிரும் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் ஓசையை உறிஞ்சிக்கொள்ளும். இங்கே அந்தத் தடுப்பு இல்லை. தவிர, மெல்லிய குளிர்விப்புத் தகடுகள் தாமே அதிர்ந்து ஓசையைப் பெருக்குகின்றன. பல எஞ்சின்களில் இதற்காகவே தகடுகளுக்கு நடுவே சிறு ரப்பர் துண்டுகளைச் செருகியிருப்பார்கள். பழைய வண்டிகளில் அவை இறுகிக் கல்லாகியிருக்கும் அல்லது விழுந்துபோயிருக்கும். எஞ்சின் மவுண்டிங் போல்ட், சைலன்சர் உட்குழாய், செயின் கவர் ஆகியவற்றையும் கையால் அசைத்துப் பார்த்துவிடுங்கள். இதற்கு நேரம் அதிகம் ஆகாது.

பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அறையும் ஓசையை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். அலுமினியப் பிஸ்டன், சிலிண்டரின் உட்சுவரான இரும்பு லைனரைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். 60 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனும் லைனரும் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால், பிஸ்டன் சுமார் 0.14 மி.மீ., லைனர் சுமார் 0.07 மி.மீ. விரியும், இடையில் உள்ள வெளி அந்த வேறுபாட்டின் அளவுக்குச் சுருங்கும். ஆகவே பிஸ்டன் அறைவது குளிர்ந்த எஞ்சினில் உரக்கக் கேட்டு, சூடேறச் சூடேறத் தணியும். உங்களுடையது நேர்மாறாக இருக்கிறது.

தாளத்தைக் கவனிப்பது பற்றியும் ஒரு விளக்கம் தேவை. கேம் க்ராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், பாதி வேக ஓசை வால்வுப் பகுதியுடையது, முழு வேக ஓசை க்ராங்குடையது என்று பலரும் சொல்வார்கள். ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக்கில் இந்த விதியை அப்படியே நம்ப முடியாது. நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடும் எஞ்சினில் க்ராங்க் நொடிக்கு 20 முறை சுழல்கிறது. ஆனால் எரிதல் நிகழ்வது 10 முறைதான். எரிதலின் அழுத்தத்தால் தட்டும் பிக் எண்டும் அதனால் பாதி வேகத்தில் கேட்கக்கூடும். மறுபுறம், இரண்டு டேப்பெட்டுகளும் தளர்ந்திருந்தால் கேமின் ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டல் கேட்டு, முழு வேக ஓசை என்று நம்மை எண்ணவைக்கும். சைலன்சரின் துடிப்போடு ஓசையை ஒப்பிட்டுக் கேட்பது பயனுள்ளது. ஆனால் ஒழுங்கில்லாமல், விட்டுவிட்டு வரும் தட்டல் இவற்றுள் எதிலும் அடங்காது. அப்படிப்பட்ட ஓசை பெரும்பாலும் எங்கோ ஒன்று தன் இருக்கையில் தளர்ந்திருப்பதைக் காட்டுகிறது.

ஸ்டெதஸ்கோப் இல்லையென்றால் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். ஒரே புள்ளியில் கேட்டு முடிவு செய்யாமல், வலது இடது மூடிகள், சிலிண்டர் அடி, ஹெட்டின் இரு பக்கம் என்று ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். சுழலும் பாகங்களின் அருகே தொங்கும் துணியோ தலைமுடியோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்

மேற்பகுதி ஓசை பற்றி மட்டும் எழுதுகிறேன். டேப்பெட்டைச் சரிசெய்த பிறகும் ஓசை குறையவில்லை என்றால், இடைவெளி சரியாக இருக்கிறது என்று ஃபீலர் கேஜ் சொன்னது உண்மையா என்பதே முதல் ஐயமாக இருக்க வேண்டும்.

டேப்பெட் திருகின் நுனி ஆண்டுக்கணக்கில் வால்வுத் தண்டின் தலையில் மோதி மோதி, அந்த நுனியின் முகத்தில் சிறு குழி விழுந்துவிடும். ஃபீலர் கேஜ் தட்டையான தகடு. அது குழிக்குள் இறங்காமல் அதன் விளிம்புகளின் மேல் பாலமாக நின்றுவிடும். நீங்கள் 0.08 மி.மீ. என்று அளந்திருக்க, உண்மையான இடைவெளி குழியின் ஆழத்தையும் சேர்த்து அதன் இரு மடங்காகக்கூட இருக்கலாம். டேப்பெட் மூடியைக் கழற்றித் திருகை வெளியே எடுத்து, நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வட்டமாகப் பளபளக்கும் தேய்மானத்துக்குள் பள்ளம் தெரிந்தால் திருகை மாற்றுவதே தீர்வு. நுனி மட்டும் கடினமாக்கப்பட்ட உருக்கு என்பதால் அரம் வைத்துச் சமன்செய்ய வேண்டாம். கடினத் தோல் போய்விட்டால் விரைவிலேயே மீண்டும் குழி விழும்.

புதிய திருகு கிடைக்கும் வரை தற்காலிகமாக இன்னொரு வழியில் இடைவெளி வைக்கலாம். திருகின் மரை பிட்ச் 0.75 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு அது 0.75 மி.மீ. நகரும். இடைவெளி முற்றிலும் மறையும் வரை மெல்லத் திருகி, அங்கிருந்து ஏறத்தாழ 48 டிகிரி பின்னால் திருப்பினால் 0.1 மி.மீ. கிடைக்கும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பிறகு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சத்தில் பிஸ்டன் நிற்கும்போது செய்ய வேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். குழி மிக ஆழமாக இருந்தால் இந்த முறையிலும் ஓசை முழுவதும் போகாது. அதை மறைக்க இடைவெளியை மேலும் குறைத்துவிடாதீர்கள். இறுக்கமான டேப்பெட் ஓசை தராது. ஆனால் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராமல் போய், வெப்பம் ஹெட்டுக்குக் கடத்தப்படாமல் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துவிடும். அளவான ‘டிக் டிக்’ கேட்கும் எஞ்சினைத்தான் நான் விரும்புவேன்.

கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் ஆர்மையும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று நகர்வது இயல்பு. தன் தண்டின் மேல் செங்குத்தாக ஆடினால் தண்டோ துளையோ தேய்ந்திருக்கிறது.

டேப்பெட் ஓசை என்று ஏமாற்றும் இன்னொன்று, ஹெட்டும் சைலன்சர் குழாயும் சேரும் இடத்தில் உள்ள கசிவு. அந்த மூட்டைச் சுற்றிக் கரும்புகை படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓடவிட்டு, சைலன்சர் முனையை நனைத்த தடித்த துணியால் ஓரிரு நொடி பாதி மூடிப் பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் கசிவின் ஓசை உரக்கும். டேப்பெட் ஓசை அப்படியே இருக்கும். ஒரு முழ நீள ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை மூட்டருகே நகர்த்தினாலும் கசிவு தெளிவாகும். ஸ்பார்க் பிளக் இறுக்கமாக உள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

டைமிங் செயின் தளர்ந்தால் ஓசை ‘டிக்’ என்று தனித்தனியாக இராது. சலசலப்பாக, ஆக்சிலரேட்டரை மூடும்போது கூடுதலாக வரும். உங்கள் விவரிப்பு அதனோடு பொருந்தவில்லை. இருந்தும் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கழற்ற நேர்ந்தால், அது வெளியே இருக்கும்போது எஞ்சினைத் திருப்பவே கூடாது. செயின் ஒரு பல் தாவினாலும் வால்வு டைமிங் மாறிவிடும். வால்வு பிஸ்டனில் இடிக்கும் ஆபத்தும் உண்டு.

மூன்றாம் பதில்

உங்கள் கேள்வியின் இறுதியில், தொடர்பு தெரியவில்லை என்று சொல்லிச் சேர்த்த இரண்டு செய்திகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கிக்கர் பின்னோக்கி உதைப்பது, ஸ்பார்க் உரிய நேரத்துக்கு முன்னதாக வருவதன் அடையாளம். ஐடிலிங் நிலைகொள்ளாததும் அதனோடு சேர்கிறது. தேய்ந்த பிக் எண்ட் தானாக ஸ்பார்க் நேரத்தை இப்படி மாற்றாது. தட்டல் ஓசையையும் நேர மாற்றத்தையும் சேர்த்துத் தரக்கூடிய பாகம், மின்சாரம் உண்டாக்கும் காந்தங்கள் பதித்த மேக்னெட் சக்கரம்.

அது க்ராங்க் தண்டின் முனையில் உள்ள டேப்பரில், அதாவது கூம்பாகக் குறுகும் பகுதியில், அமர்ந்திருக்கிறது. ‘கீ’ எனப்படும் சிறிய அரைவட்டத் துண்டு அதன் நிலையை மட்டுமே குறிக்கிறது. சக்கரத்தைச் சுமந்து சுழற்றுவது டேப்பரின் பிடிப்பு. நட்டு சற்றுத் தளர்ந்தால் அந்தப் பிடிப்பு விட்டுப்போய், முழு விசையும் கீயின் மேல் விழுந்து அது நசுங்கத் தொடங்கும். பிறகு சக்கரம், கடையாணி தளர்ந்த வண்டிச் சக்கரம் போல முன்னும் பின்னும் ஆடும். ஸ்பார்க்கைத் தூண்டும் புடைப்பு அதே சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் எஞ்சின்களில் ஸ்பார்க் நேரமும் கூடவே ஆடும்.

ஐடிலிங்கில் ஏன் உரக்கக் கேட்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒரே சீரான வேகத்தில் சுழல்வதில்லை. ஒவ்வோர் எரிதலிலும் வேகம் எகிறி, கம்ப்ரஷனில் தளர்கிறது. சுழற்சி குறைவாக இருக்கும்போது இந்த ஏற்றத்தாழ்வு மிகுதி. அப்போது தளர்ந்த சக்கரம் தன் எடையால் பின்தங்கி மோதுகிறது. சோக் போட்டிருக்கும்போது ஐடிலிங் உயர்ந்து நிற்பதால் ஓசை கேட்காமல் இருந்திருக்கலாம். பிக் எண்ட் தட்டலோ பொதுவாகப் பாரம் ஏறும்போதும், ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தும் அந்தக் கணத்திலும் வலுக்கும். மேடு ஏறும்போது மறையும் தட்டல் அதன் வழக்கமான இயல்பு அன்று. இதை முழுச் சான்றாக நான் சொல்லவில்லை. ஆனால் க்ராங்க் கேஸைப் பிளப்பதற்கு முன் மேக்னெட் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு இது போதுமான காரணம்.

மூடியைத் திறந்ததும், வண்டியை மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மேக்னெட் சக்கரத்தை இரு கையாலும் பற்றி முன்னும் பின்னும் திருப்ப முயலுங்கள். சக்கரத்தோடு அதன் நடு நட்டும் தண்டு முனையும் சேர்ந்து நகர்ந்தால் அது கியர், செயின் ஆகியவற்றின் இயல்பான தளர்வு. தண்டு முனை நிற்கச் சக்கரம் மட்டும் நகர்ந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். நட்டைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தாலும் அது தளர்ந்து உராய்ந்ததன் தடயம்.

மறுபக்கத்தில் க்ளட்சையும் விட்டுவிட வேண்டாம். நியூட்ரலில் ஓசை கேட்கும்போது க்ளட்ச் லீவரை மெல்லப் பிடியுங்கள். ஓசை மாறினாலோ நின்றாலோ க்ளட்ச் கூடையின் தளர்வு அல்லது கியர் பாக்ஸ் முதல் தண்டின் பேரிங் காரணமாக இருக்கலாம். க்ராங்க் தண்டின் அந்த முனையில் உள்ள பிரைமரி கியர் நட்டு தளர்ந்தாலும் ஏறத்தாழ இதே போன்ற கனத்த தட்டல் எழும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பிக் எண்ட் சோதனை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் பாதித் தூரம் இறங்கிய நிலையில், உள்ளே விழுந்துவிடாத அளவுக்கு நீளமான மரக்குச்சியைப் பிஸ்டன் தலையில் ஊன்றி லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். க்ராங்கை அதன் நட்டைப் பிடித்துச் சில டிகிரி மட்டும் முன்னும் பின்னும் அசைத்தால், க்ராங்க் நகர்ந்த உடனே குச்சியும் நகர வேண்டும். க்ராங்க் சிறிது தூரம் சும்மா நகர்ந்து, பிறகு ஒரு மோதலோடு குச்சி நகர்ந்தால் கனெக்டிங் ராடின் மேல் முனையிலோ கீழ் முனையிலோ தளர்வு இருக்கிறது. குச்சி பிளக் துளையில் சிக்கி முறியாதபடி அசைவைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆயிலை வடிக்கும்போது சல்லடையையும் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் உருக்குச் செதில்கள் இருந்தால் அது பேரிங்குக்கு எதிரான வலுவான சான்று. அப்படியானால் வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. ராடு முறிந்தால் க்ராங்க் கேஸையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

நான்காம் பதில்

ஆயிலை ஒரு படி தடித்த கிரேடுக்கு மாற்றினால் பழைய எஞ்சின்களில் ஓசை அடங்கிவிடும். பிரிப்பதற்கு முன் அதையும் முயன்று பார்க்கலாமே.

மூன்றாம் பதில் எழுதியவர்

ஓசை அடங்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரியாதபோது ஓசையை அடக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை, ஏனென்றால் இப்போது நம்மிடம் உள்ள ஒரே தடயம் அந்த ஓசைதான். தடித்த ஆயில் குளிர்ந்த எஞ்சினில் ராக்கர் வரை ஏறிச் சேர நேரமும் எடுத்துக்கொள்ளும். கையேட்டில் அனுமதித்த கிரேடுகளுக்குள் மாற்றுவதில் தவறில்லை. அதையும் பழுதைக் கண்டறிந்த பிறகு செய்யலாம்.

கேள்வி கேட்டவர்

பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். சைலன்சர் மூட்டில் கசிவு இல்லை. எக்ஸாஸ்ட் பக்க டேப்பெட் திருகின் நுனியில் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தது; இன்லெட் பக்கம் சிறிய தேய்மானம் மட்டுமே. இரண்டையும் மாற்றியதும் மேற்பகுதி ஓசை பெருமளவு குறைந்துவிட்டது.

க்ளட்ச் லீவரைப் பிடித்தபோது கீழ்ப்பகுதித் தட்டலில் மாற்றம் எதுவும் இல்லை. மேக்னெட் மூடியைத் திறந்து சோதித்தபோது, தண்டு முனை அசையாமல் நிற்கச் சக்கரம் மட்டும் சிறிது நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் அதே ‘டக்’ கையிலேயே உணரும்படி எழுந்தது. நட்டைச் சுற்றிப் பழுப்புத் தூளும் இருந்தது. குச்சி வைத்துச் செய்த சோதனையில் தளர்வு எதையும் உணரவில்லை. சல்லடையில் செதில்களும் இல்லை. சக்கரத்தை இன்னும் கழற்றவில்லை. நட்டை மட்டும் இறுக்கிவிட்டால் போதுமா, அல்லது கழற்றித்தான் ஆக வேண்டுமா?

மூன்றாம் பதில் எழுதியவர்

கழற்றித்தான் ஆக வேண்டும். ஒருமுறை ஆடத் தொடங்கிய டேப்பரின் இரு முகங்களிலும் வடு விழுந்திருக்கும், கீயும் நசுங்கியிருக்கும். அப்படியே இறுக்கினால் சில காலம் ஓசையின்றி ஓடி மீண்டும் தளரும். அதற்குள் க்ராங்க் தண்டின் கீ பள்ளம் அகன்றுவிட்டால் உண்மையாகவே க்ராங்கை வெளியே எடுக்க வேண்டிவரும்.

அந்தச் சக்கரத்துக்குரிய மரையுள்ள மேக்னெட் புல்லரையே பயன்படுத்துங்கள். சக்கரத்தின் விளிம்பையோ தண்டு முனையையோ சுத்தியலால் அடித்தால், காந்தங்கள் விரிசல் விடலாம். அழுத்திப் பொருத்திய க்ராங்க் தன் நேர்கோட்டிலிருந்து விலகவும் கூடும். கழற்றிய பின் டேப்பரில் வடுக்கள் லேசாக இருந்தால், கீயை எடுத்துவிட்டு, நுண்ணிய வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவிச் சக்கரத்தைத் தண்டின் மேல் மெல்லத் திருப்பித் திருப்பி, முகம் முழுவதும் சீரான சாம்பல் நிறம் வரும் வரை தேய்க்கலாம். பேஸ்ட் ஆயில் சீலுக்கோ பேரிங்குக்கோ போகாதபடி துணி சுற்றிக்கொள்ளுங்கள். அதிகம் தேய்த்தால் சக்கரம் உள்ளே இறங்கிக் காயில் பிளேட்டைத் தொடும், ஆகவே தேவையான அளவோடு நிறுத்த வேண்டும். வடு ஆழமாக இருந்தால் இந்த வழி பலிக்காது. லேத் வேலை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

பேஸ்ட் துகள் ஒன்றுகூட எஞ்சாமல் கழுவி, இரு முகங்களையும் ஆயில் பசையின்றி உலர்த்தி, புதிய கீயோடு பொருத்துங்கள். சக்கரத்தின் உள்பக்கக் காந்தங்களில் இரும்புத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். துடைத்துவிட்டே மாட்ட வேண்டும். நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, ஸ்பார்க் நேரத்தை டைமிங் விளக்கு வைத்துச் சரிபாருங்கள். ஐடிலிங்கில் குறி ஒரே இடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். அதன் பிறகும் கிக்கர் உதைத்தால், நேரத்தை முன்னகர்த்தும் அமைப்பு மீளாமல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

நட்டின் மேலும் சக்கரத்தின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு பெயின்ட் கோடு இழுத்து வையுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மூடியைத் திறந்து பார்க்கும்போது, கோடு முறியாமல் இருந்தால் மீண்டும் ரெஞ்ச் வைக்க வேண்டியதில்லை.